வாசற்படியைத் தொடாத தண்ணீர்

வாயைத் திறந்தால்தான் பொய் சொல்ல முடியும் என்று நினைப்பவர்கள் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்ததில்லை. நான் வாயைத் திறக்காமலே ஒரு பொய்யைச் சொன்னேன். அதற்கு முத்திரை குத்தி, கண்ணாடிச் சட்டம் போட்டு, வட்டாரத் தலைவரான பெங்குலுவின் அலுவலகச் சுவரில் மாட்டினார்கள். எட்டொன்பது வருஷம் அது அங்கே தொங்கியது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எதிரில் இருந்த சைக்கிள் கடையைப் பார்த்துக்கொண்டே நடப்பேன்.

என் பெயர் சன்னாசி. ஈப்போவில், ஆறுகளையும் வாய்க்கால்களையும் கவனிக்கிற அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைபவன். ஆறு கரை புரண்டால் எந்தெந்த நிலத்தில் தண்ணீர் ஏறும் என்று காட்டுகிற படங்கள் எங்கள் பிரிவின் வேலை. தண்ணீர் ஏறும் இடத்துக்கு நீலம் பூசுவோம். ஏறாத இடத்தை வெள்ளையாக விட்டுவிடுவோம். சின்னப் பிள்ளை வேலை மாதிரித் தெரியும். ஆனால் அந்த நீலத்தைப் பார்த்துத்தான் வீடு கட்ட அனுமதி கொடுப்பார்கள். எவ்வளவு உயரத்தில் தரை போடுவது என்று ஜனங்களும் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

நான் பிறந்த இடமும் அந்தப் படங்களில் ஒன்றில் இருக்கிறது. கிந்தா ஆறு பேராக் ஆற்றில் போய் விழுவதற்கு முன்னால் பெரிதாக ஒரு வளைவு எடுக்கும். அந்த வளைவுக்குள் இருந்த ரப்பர் தோட்டத்தை எங்கள் ஆட்கள் ரெண்டாங்கட்டை என்பார்கள். துரை வைத்த பெயர் வேறு. அது யார் வாயிலும் நுழையவில்லை.

அறுபத்தேழாம் வருஷம் ஜனவரியில் வந்த வெள்ளத்தில் ரெண்டாங்கட்டையின் லயத்து வரிசை வீடுகள் கூரை வரைக்கும் முழுகின. எங்களை லாரிகளில் ஏற்றி, பெரிய ரோட்டில் இருந்த சீனப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஆறாம் நாள் தண்ணீர் வடிந்தது. ஜனங்கள் திரும்புவதற்கு முன்னால் கோயிலை ஒரு நடை பார்த்துவிடலாம் என்று மூன்று பேர் போனோம். பூசாரி சீனி ஒருவர். கோயில் தலைவர் அர்ச்சுனன் அண்ணன் ஒருவர். மூன்றாவது ஆள், இருபத்திரண்டு வயது நான். மாரியம்மன் கோயில் தோட்டத்திலேயே உயரமான மேட்டில் இருந்தது. அங்கேயெல்லாம் தண்ணீர் ஏறியிருக்காது என்றுதான் பேசிக்கொண்டே போனோம். கதவைத் திறந்தால் சுவரில் சேற்றுக் கோடு என் மார்பளவுக்கு இருந்தது. ஆத்தாவுக்குக் கழுத்து வரைக்கும் சேறு.

பூசாரி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அர்ச்சுனன் அண்ணன் அழவில்லை. வாளியை எடுத்து என் கையில் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் கருவறையைக் கழுவிவிட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, ஆத்தாவுக்கு வேறு சேலை கட்டி விளக்கேற்றிவிட்டோம். மறுநாள் ஜனங்கள் வந்தபோது ஆத்தா பளிச்சென்று இருந்தாள். தண்ணீர் வாசற்படி வரைக்கும் வந்ததாகவும் அதற்கு மேல் ஏறவில்லை என்றும் அர்ச்சுனன் அண்ணன் சொன்னார். பெண்கள் குலவை போட்டார்கள். வீடு வாசல், ஆடு கோழி எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டு வந்த சனத்துக்கு அந்தக் குலவை எவ்வளவு தேவையாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பொய்யை நான் இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன்.

திருவிழாவுக்குத் திருவிழா அந்தக் கதை வளர்ந்தது. முதல் வருஷம் தண்ணீர் படியோடு நின்றது. அடுத்த வருஷம் படியைத் தொட்டுக் கும்பிட்டது. பிறகு கோயிலை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு விடைபெற்றுக்கொண்டு போனது. கேட்கும்போதெல்லாம் நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் ஈப்போவுக்கு வேலைக்கு வந்துவிட்டேன். முதலில் அளவுச் சங்கிலி பிடிக்கிற வேலை, பிறகு படம் வரைகிற வேலை. இதற்கிடையில் துரைகள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். எழுபத்து நாலில் அந்தப் பகுதிக்கு முதல் வெள்ளப் படம் போட உத்தரவு வந்தது. ஆற்றோரத்தில் தண்ணீர் அளக்கிற கம்பம் அந்தக் காலத்தில் பத்து மைலுக்கு ஒன்று இருந்தால் பெரிய விஷயம். அதனால் அறுபத்தேழு வெள்ளத்தைப் பார்த்தவர்களிடம் போய், தண்ணீர் எதுவரைக்கும் வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்வோம். சர்வேயர் சீனர், தமிழ் தெரியாது. அங்கே பிறந்தவன் என்பதால் என்னை அழைத்துக்கொண்டு போனார்.

கோயில் முன்னால் கொட்டகையில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஆத்தா எங்களைப் பார்த்தபடி இருந்தாள். சர்வேயர் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். கோயிலில் எவ்வளவு தண்ணீர் நின்றது? அர்ச்சுனன் அண்ணன் என்னை நேராகப் பார்த்தார்.

"ஆத்தா வாசப்படிய தண்ணி தொடல தம்பி. படிக்குக் கீழயே நின்னுட்டுப் போயிருச்சி" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். என் அக்கா வீரம்மாவும் ஆட்டினாள். என் கையில் படிவம் இருந்தது. இடம், சாட்சி, தண்ணீரின் உயரம் என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்தில் 'வாசற்படிக்குக் கீழே' என்று எழுதினேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. காரில் திரும்பும்போது சர்வேயரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். அலுவலகத்தில் வைத்துச் சொல்லியிருக்கலாம். ஊரோடு ஒத்து வாழ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைக்கு அதைவிட வசதியான பழமொழி கிடையாது. ஆத்தா மூழ்கினாள் என்று அரசாங்கத் தாளில் என் கையால் எழுதினால் ஊர் என்ன சொல்லும் என்பதுதான் எனக்குப் பயம். நம் ஆள் ஒருவன் ஆபீஸ் வேலைக்குப் போனதும் ஆத்தாவையே காட்டிக்கொடுத்துவிட்டான் என்பார்களே என்ற பயம்.

சர்வேயருக்கு அந்தப் படி ரொம்பப் பிடித்துப்போயிற்று. கல்படி, அசையாதது, மேட்டில் இருக்கிறது. அதன் மேல் அளவுகோலை நிறுத்தி உயரம் எடுத்தார். அந்த ஒரு படியை வைத்துத்தான் வளைவு முழுவதற்கும் நீலத்தின் எல்லைக் கோடு போடப்பட்டது. கோட்டைப் போட்டது என் பேனா. கோயிலும் அதே மேட்டில் அதைச் சுற்றியிருந்த நாற்பத்தோரு மனைகளும் வெள்ளையில் நின்றன.

எழுபத்தேழில் அக்காவும் அவள் புருஷன் பத்துமலை மச்சானும் அந்த மனைகளில் ஒன்றை வாங்க நினைத்தார்கள். அக்கா அதற்காகவே பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்தாள். அலுவலகத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, அந்த இடத்தில் படம் எப்படி என்று கேட்டாள். வெள்ளைதான் என்றேன். நிச்சயமாகத் தெரியுமா என்று திரும்பவும் கேட்டாள். ஆபீசில் எல்லாவற்றையும் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள் என்றேன். 'ஆபீசில்' என்று சொன்னேனே தவிர, 'நான்' என்று சொல்லவில்லை. மச்சானுக்குத் தரையை நாலடி தூக்கி, கால் வைத்த வீடாகக் கட்ட ஆசை. சிமெண்டுத் தரை போதாதா, மூட்டு வலிக்காரர் எதற்குப் படி ஏறி இறங்க வேண்டும் என்று அவரைத் தடுத்தவனும் நான்தான். அந்தத் தரை வெளி முற்றத்தைவிட ஒரு சாண் உயரம்.

அறுபத்தேழு மாதிரி வெள்ளம் நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். நூறு வருஷத்தில் பத்து போய்விட்டது, இன்னும் தொண்ணூறு இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். வெள்ளம் அப்படிக் கணக்குப் பார்த்து வராது என்பது எங்கள் அலுவலகத்துப் பியூனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

எண்பத்தொன்றில் மச்சானுக்கு வாதம் அடித்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில். ஆள் நல்ல பாரம். பக்கத்து வீட்டு ஆண்கள் இருவர் வந்தால்தான் தூக்க முடியும். பிள்ளைகளில் ஒருவன் சித்தியவானில், ஒருத்தி தஞ்சோங் மாலிமில். வீட்டில் அக்கா ஒருத்திதான்.

எண்பத்து மூன்றில் பழைய படங்களைப் புதுப்பிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எங்கள் பிரிவுக்கு ஜமாலுடின் என்று ஒரு மலாய்க்கார எஞ்சினியர் புதிதாக வந்திருந்தார்; என்சிக், அதாவது ஐயா, என்று கூப்பிடுவோம். வயதில் என்னைவிடச் சின்னவர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிற ஆள். ரெண்டாங்கட்டைக்கு ஒரு மைல் மேலே இரும்புப் பாலம் ஒன்று இருக்கிறது. அறுபத்தேழில் தண்ணீர் நின்ற உயரத்தை யாரோ சிவப்புச் சாயத்தில் அந்தப் பாலத்துத் தூணில் கோடு போட்டு வைத்திருந்தார்கள். புதரை வெட்டியதும் அது தெரிந்தது. அங்கிருந்து மூன்று நாள் உயரம் எடுத்துக்கொண்டு வந்தோம். கோயில் படியில் கோலை நிறுத்தியதும் அவர் குறிப்பு நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாலத்தில் அவ்வளவு தண்ணீர் நின்றால் இங்கே படிக்கு மேல் நாலடி நின்றிருக்க வேண்டும், தண்ணீர் மாடிப்படியா இறங்கும் என்று கேட்டார். முன்பு கணக்கெடுத்தபோது இங்கிருந்த ஜனங்கள் அப்படித்தான் சொன்னார்கள் என்றேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் அசிங்கம்.

அவர் நல்ல மனுஷர். ஜனங்கள் மறந்துவிடுவது சகஜம், பயத்தில் உயரம் எல்லாம் ஞாபகம் இருக்காது என்று சொல்லி அதோடு விட்டுவிட்டார். புதிய படத்தில் நீலம் கோயிலைத் தாண்டி நாற்பத்தோரு மனைகளையும் மூடியது. ஒவ்வொரு மனைக்காரருக்கும், புதுப் படத்தின் சின்ன நகலோடு, மலாயில் ஒரு கடிதம் தயாரானது. உங்கள் நிலம் வெள்ளம் ஏறும் பகுதியில் சேர்க்கப்பட்டிருக்கிறது, இனிமேல் கட்டும் வீட்டின் தரை இந்த உயரத்துக்குக் குறையக்கூடாது, மழைக்காலத்தில் முதியவர்களையும் நோயாளிகளையும் முன்கூட்டியே வேறு இடத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று அதில் இருந்தது. அதற்கும் மேலே, முதல் பத்தியிலேயே இன்னொரு வாக்கியம் இருந்தது. முன்பு இவ்விடத்து மக்கள் அளித்த தவறான தகவலால் பழைய படத்தில் பிழை ஏற்பட்டது என்று.

தட்டச்சு செய்த தாளைச் சரிபார்க்க என்னிடம்தான் கொடுத்தார்கள். அந்த வாக்கியத்தை மூன்று தடவை படித்தேன். எழுத்துப் பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கோயில் கொட்டகையில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக் கடிதத்தைக் கொடுப்பதென்று முடிவானது. அக்கா சபையில் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடாது, முன்கூட்டியே நானே சொல்லிவிட வேண்டும் என்று சனிக்கிழமை மத்தியானம் போனேன். அக்கா மச்சானுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மச்சான் இடது கையைத் தூக்கினார், பாதி வாயால் சிரித்தார். அக்கா மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். வாசல் பக்கம் சிமெண்டு வெடித்திருக்கிறது என்று காட்டினாள். தீபாவளிக்குள் பூசிவிட வேண்டும், யாராவது நல்ல கொத்தனார் இருந்தால் ஈப்போவிலிருந்து அனுப்பு என்றாள். நான் அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலிக் காலுக்கு எவ்வளவு உயரம், கட்டிலுக்கு எவ்வளவு உயரம் என்று கண் தானாக அளந்தது.

முகம் ஏன் ஒரு மாதிரியாக இருக்கிறது என்று அக்கா கேட்டாள். வெயில் என்றேன். நாளைக்கு ஆபீஸ் ஆட்கள் வந்து ஒரு கடிதம் கொடுப்பார்கள், பெரிசா ஒண்ணுமில்ல அக்கா, சும்மா கையெழுத்துதான் என்று சொல்லிவிட்டுக் கை கழுவினேன். அன்றைக்கு அந்தச் சோறு எப்படி என் தொண்டையில் இறங்கியது என்று இப்போதும் யோசிக்கிறேன். இறங்கியது. இரண்டாம் தடவை ரசமும் கேட்டு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிறைந்திருந்தது. பூசாரி சீனி எப்போதோ காலமாகிவிட்டார். அர்ச்சுனன் அண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அக்கா பெண்கள் பக்கத்தில், தூணோரம். நான் புதுப் படத்தைக் கொட்டகைத் தூணில் மாட்டினேன். கோயில் இருந்த இடமெல்லாம் நீலம். பார்த்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

கடிதத்தை நான் தமிழில் படித்துச் சொல்வதாக ஏற்பாடு. அந்த வாக்கியத்தை விழுங்கிவிட்டு மற்றதைச் சொல்லிவிடலாம் என்று இரவே திட்டம் போட்டு வைத்திருந்தேன். ஆனால் என்சிக் ஜமாலுடின் மரியாதைக்காக முதலில் தானே இரண்டு வார்த்தை பேசினார். எல்லோருக்கும் புரிகிற சந்தை மலாயில், நிறுத்தி நிறுத்திப் பேசினார். முன்பு நீங்கள் தண்ணீர் படிக்கு மேல் ஏறவில்லை என்று சொன்னீர்கள், அதனால் படம் தப்பாகிவிட்டது, உங்கள் மேல் குற்றமில்லை, மனிதர்கள் மறப்பது இயல்பு என்றார். சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள். அர்ச்சுனன் அண்ணன் மட்டும் திரும்பவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு தடியை இறுக்கிப் பிடித்தார். நான் கடிதத்தைப் பிரித்தேன். அக்கா எழுந்து நின்றாள்.

"நாங்க தப்பாச் சொன்னோமா தம்பி?" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "ஆத்தா கட்டியிருந்த சேலைய வாய்க்கா ஓரத்துல வீசிட்டு வந்தீங்க. அத எடுத்து அலசுனவ நான். கழுத்து மடிப்பு வரைக்கும் சேறு. இங்க இருக்கிற பொம்பளைங்க எல்லாத்துக்கும் தெரியும். ஒருத்தி வாய்லருந்து வந்துச்சா? வராது லா. வெளக்கு அணைஞ்சிருச்சின்னு எவளாச்சும் சொல்லுவாளா? குளிர வச்சிட்டோம்னுதான் சொல்லுவோம். அதுக்காக இருட்டுல கண்ணு தெரியுமா?"

அக்கா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"அன்னைக்கு அந்தச் சீனரு மட்டும் வந்து கேட்டிருந்தா அது வேற. கேட்டது நீ. ஆத்தாளக் கழுவுன கை. அர்ச்சுனன் அண்ணே ஒன் மூஞ்சியப் பாத்துத்தானே சொன்னாரு? ஆத்தா முன்னால எப்படிப் பேசணுமோ அப்படிப் பேசுனோம். காயிதத்துல எப்படி எழுதணுமோ அப்படி நீ எழுதிக்குவேன்னு இருந்தோம். ஒனக்குத் தெரியும்னுதானே வாயப் பொத்திக்கிட்டு இருந்தோம்."

யாரோ ஆமாம் என்றார்கள். யார் என்று பார்க்க எனக்குத் தலை நிமிரவில்லை. இத்தனை வருஷமும் நான் ஊரின் நம்பிக்கையைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவி ஜனங்கள், ஆத்தா மூழ்கினாள் என்று தெரிந்தால் மனசு உடைந்து போவார்கள் என்று நினைத்தேன். அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் குலவை போட்டார்கள். அந்தக் கதையை வேதவாக்காக எடுத்துக்கொண்டு அரசாங்கத் தாளில் எழுதிய முட்டாள் அந்த ஊரிலேயே நான் ஒருவன்தான். முட்டாள் என்று சொல்வதுகூட என்னை நானே தடவிக்கொடுப்பது. எனக்கும் தெரிந்துதானே இருந்தது.

"அப்புறம் படத்துல வெள்ளையா வந்துச்சி" என்றாள் அக்கா. "கழுத்தளவு தண்ணி நின்ன எடம் எப்படி வெள்ளையாவும்னு கேக்கத்தான் பஸ் ஏறி ஒன்கிட்ட வந்தேன். ரெண்டு தடவ கேட்டேன். ஆபீஸ்ல பாத்துத்தான் போட்டிருக்காங்கன்ன. சரி, மேல எங்கயோ அணை கட்டிட்டாங்க, இனிமே வராது போலன்னு நெனச்சேன். நாங்க ஆத்தா கதைய நம்பி வீடு கட்டல தம்பி. ஒன்ன நம்பிக் கட்டுனோம்."

தன் வீடு இருந்த பக்கம் கையை நீட்டினாள்.

"ஒன் மச்சான் கட்டிலு தரையிலருந்து ஒன்றரை அடி. நாலடி தண்ணி வந்தா, அவரத் தூக்கிக்கிட்டு நான் எங்கடா போவேன்?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. என்சிக் ஜமாலுடினுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஏதோ பெரிய விஷயம் என்று புரிந்துகொண்டார். என் பக்கம் குனிந்து, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று மலாயில் கேட்டார்.

ஒரு கணம், ஒரே கணம், எனக்குப் பழைய புத்தி வந்தது. வீட்டை இழக்கப் பயப்படுகிறாள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவருக்கு அது போதும். ஆனால் அங்கே இருந்த எல்லோருக்கும் மலாய் புரியும். என்னால் உண்மை வெளியே வந்தது என்று பெருமைப்பட எனக்கு இடமில்லை. பொய் சொல்ல வழி இல்லாததால் சொன்னேன். சேற்றுக் கோடு, சுண்ணாம்பு, படிவத்தின் மூன்றாவது கட்டம், சாப்பாட்டுக் கடை, சிமெண்டுத் தரை, எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவின் கேள்வியையும் சொன்னேன். இதையெல்லாம் மலாயில் சொல்லும்போது 'நான்' என்று வரவேண்டிய இடத்தில் 'ஆபீஸ்' என்று சொல்லிவிடாமல் இருக்க மிகவும் சிரமப்பட்டேன்.

உனக்கு அப்போதே தெரியுமா என்று அவர் கேட்டார். தெரியும் என்றேன். அவர் திட்டவில்லை. நாற்பத்தோரு கடிதங்களையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் முதல் பத்தியில் அந்த ஒரு வாக்கியத்தை அடித்து, பக்கத்தில் தன் கையொப்பத்தைச் சுருக்கமாக வைத்தார். நாற்பத்தொன்றையும் அடித்து முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணி நேரமும் ஒருவரும் எழுந்து போகவில்லை. திங்கட்கிழமை காலையில் அறைக்கு வந்து பார்க்கச் சொல்லிவிட்டு, கடிதங்களைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் மிச்சத்தை வாய்விட்டுப் படித்தேன். தரை உயரம், மழைக்காலம், நோயாளிகள் எல்லாம் வந்தன. பிறகு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். வந்தார்கள், வாங்கினார்கள், கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைத்தார்கள். அர்ச்சுனன் அண்ணன், சரி தம்பி என்று மட்டும் சொன்னார். அவர் காறித் துப்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மச்சான் பெயரைக் கூப்பிட்டபோது அக்கா வந்தாள். மழைக்காலம் முடிகிற வரைக்கும் ஈப்போவுக்கு வந்து என் வீட்டில் இருங்கள், நாளைக்கே லாரி கொண்டுவருகிறேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். அவள் கடிதத்தை வாங்கினாள். பேனாவையும் வாங்கினாள். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை நான் விரலால் காட்டினேன். அவள் அங்கே குனியவில்லை. என்னைத் தாண்டி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த எஞ்சினியரிடம் போனாள். முன்பின் தெரியாத அந்த மனுஷர் முன்னால் தாளை விரித்து, கூட இருந்த படத்தில் நீலம் பூசிய இடத்தில் விரலை வைத்தாள்.

"என்சிக், இனி காலி பெத்துல் கா?" என்று மலாயில் கேட்டாள். இந்தத் தடவையாவது சரியா என்று.

அவர் எழுந்து நின்று, சரிதான் என்று சொன்னார். அக்கா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.